முன் ஸ்பாக்கெட்டுக்கு வெல்டு வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் மாரண்டஹள்ளி பக்கம் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். தொழில் பால் ஊற்றுவது. எனக்கு 57 வயது ஆகிறது. ஓசூரில் செய்த டிவிஎஸ் 50-ல் இரண்டு தூக்குவாளி கட்டித் தொடங்கினேன். இப்போது இருப்பது 1998 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். அதில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள், அதில்தான் இன்றைக்கும் காலையில் 60 லிட்டர் பால் போகிறது.

சாலை விபத்து பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தொப்பூர் கணவாய், வேகம், ஹெல்மெட், குடித்துவிட்டு ஓட்டுவது எல்லாம் எழுதுகிறீர்கள். எழுத வேண்டியவைதான். ஆனால் பைக்கின் செயின் கவருக்குள் மறைந்திருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பால்காரர், பூக்காரர், தக்காளிப் பெட்டி கட்டிக்கொண்டு மண்டிக்குப் போகிறவர் என்று பழைய வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கண்ணில் இது படவேண்டும்.

கரும்பு வெட்டு நடக்கும் சமயம். விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் சாலையில், சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் ஒன்று எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகவே இடது காலுக்குக் கீழே ஒரு 'கடக் கடக்' சத்தம். செயின் தொங்கியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி இழுக்கவில்லை. அடுத்த நொடி பின் சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டி வழுக்கி, கேன் இரண்டும் உருண்டு, நான் ஒரு பக்கம் விழுந்தேன். டிராக்டர் ஓட்டிய தம்பி பிரேக் அடித்து நிறுத்திய இடத்துக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் தூரம்தான். முழங்கால் தோல் போனதோடு தப்பித்தேன். பால் முழுக்கத் தார் ரோட்டில் போனது. அந்தத் தம்பி இறங்கி ஓடி வந்து, "மாமா, கையக் கால ஆட்டிப் பாருங்க" என்று சொல்லித் தூக்கிவிட்டதை நான் மறக்க மாட்டேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கவரைத் திறந்தால், முன்னால் இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரம், இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டை (தண்டை) விட்டு வெளியே வந்து கவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. செயின் அதற்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவில் சுருண்டு கிடக்கிறது. முன் ஸ்பிராக்கெட் என்பதுதான் அதன் பெயர், எங்கள் பக்கம் சின்ன ஸ்பாக்கெட் என்போம். இன்ஜினின் சக்தி முழுக்க அந்த 14 பல் வழியாகத்தான் செயினுக்குப் போய்ப் பின் சக்கரத்தைச் சேர்கிறது. கேஸ் உடையாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். செயின் அப்படிச் சுருளும்போது கேஸே வெடித்து ஆயில் கொட்டிய வண்டிகளைப் பிறகு பார்த்தேன்.

கவருக்குள் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கட்டிப்போயிருந்த கரியில் ஒரே ஒரு போல்ட் கிடந்தது. இருக்க வேண்டியது இரண்டு. மூன்று மாதம் முன்புதான் செயினும் முன், பின் ஸ்பாக்கெட்டும் சேர்ந்த செயின் செட் புதிதாக மாற்றியிருந்தேன். மாற்றிக் கொடுத்தவரிடம் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு, "அண்ணா, அன்னைக்கு ஒரு போல்ட்டுல மரை போயிருந்துச்சு, ஒண்ணு போதும்னு போட்டேன்" என்றார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். ஆனால் அதற்கடுத்து அவர் சொன்ன வழிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "ஷாஃப்ட் பல்லு தேஞ்சு போச்சு. ஷாஃப்ட் மாத்தணும்னா இன்ஜின இறக்கிக் கேஸப் பிரிக்கணும், ஆயிரக்கணக்குல ஆகும். ஒரு வெல்டு வெச்சுடறேன், ஆயுசுக்கும் கழலாது."

இந்த வார்த்தையை நம்பி எங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வண்டியில் வெல்டு வைத்திருக்கிறார்கள் என்று யாராவது கவரைத் திறந்து பார்க்க வேண்டும். என் பங்காளி ஒருவர் வண்டிக்கும் அப்படித்தான் வைத்தார்கள். இரண்டு வருடம் ஓடியது. பல் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்த பிறகு அதைக் கழற்ற வழியில்லை. கிரைண்டர் போட்டு அறுத்தார்கள். அறுத்ததில் ஷாஃப்டும் போனது, பின்னால் இருந்த ஆயில் சீல் ஏற்கனவே வெல்டு சூட்டில் பொசுங்கியிருந்தது, பேரிங்கும் போனது. வெல்டிங் மின்சாரம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்தால் குண்டும் அது ஓடும் தடமும் பொத்தல் விழும் என்பது அவருக்கு வெல்டு வைத்தவருக்கே தெரியவில்லை. கெட்டிப்படுத்திய இரும்பைச் சூடாக்கி ஒட்டினால் அந்த ஒட்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். விரிசல் விட்ட பல்சக்கரம் ஓடும்போது பிளந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் இன்ஜினை இறக்கிக் கேஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. மிச்சம் பிடிப்பதாக நினைத்த காசைப் போல இரண்டு மடங்கு போனது.

அதனால் நான் வெல்டுக்கு ஒப்பவில்லை. ராயக்கோட்டையில் எனக்குத் தெரிந்த வயதான பிட்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் ஷாஃப்டைப் பெட்ரோலில் கழுவித் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பல் நன்றாகத்தான் இருந்தது. தேய்ந்திருந்தது லாக் பிளேட், அதாவது ஸ்பாக்கெட் ஷாஃப்டை விட்டு நழுவாமல் பிடிக்கும் தகடு. அதன் உள்பல் ஒவ்வொன்றிலும் நகத்தால் கீறியது போல ஒரு படி விழுந்திருந்தது. "ஷாஃப்ட் போகலப்பா. இத மாத்தாமயே நாலு செயின் செட்டு மாத்தியிருக்காங்க" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 27 வருடத்தை ஒட்டிய வண்டி, செயின் எத்தனை தடவை மாற்றியிருப்பேன், அந்தப் பிளேட்டை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

அவர் எனக்குக் காட்டிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைச் சுருக்காமல் வெளியிடுங்கள்.

ஸ்பிளெண்டர், சிடி 100 போன்ற வண்டிகளில் முன் ஸ்பாக்கெட்டை நட் போட்டு இறுக்குவதில்லை. ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும், ஸ்பாக்கெட் அதில் சும்மா நுழையும். ஷாஃப்டின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே, அந்தப் பற்களைக் குறுக்காக வெட்டிச் சுற்றிலும் ஒரு காடி, அதாவது பள்ளக் கோடு, ஓடும். லாக் பிளேட்டுக்கும் உள்ளே அதே பல். அதைப் பல்லுக்குப் பல் ஒத்து நுழைத்து, காடிக்கு வந்ததும் கொஞ்சம் திருப்பிவிட்டால் பிளேட்டின் பல் ஷாஃப்ட் பல்லின் பின்னால் ஒளிந்துகொள்ளும். இனி நேராக இழுத்தால் வராது. ஆனால் திரும்பிய வழியே திரும்பி வந்துவிட்டால் நழுவிவிடும். அப்படித் திரும்பாமல் பிளேட்டை ஸ்பாக்கெட்டோடு சேர்த்துப் பிடிப்பதற்குத்தான் அந்த இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். ஒரு போல்ட் மட்டும் இருந்தால் பிளேட் அதைச் சுற்றி ஆடி ஆடி அந்தப் போல்ட்டையே தளர்த்தும். எனக்கு நடந்தது அதுதான்.

கழற்றும்போது முதலில் செயினைக் கழற்றிவிடக் கூடாது. செயின் மாட்டியிருக்கும்போதே கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பின் ஆக்ஸிலைத் தளர்த்திச் செயினை எடுப்பது. பழைய ஸ்பாக்கெட்டின் பல்லையும் புதியதின் பல்லையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வண்டியின் இழுவையும் ஓட்டமும் 7 சதவீதம் போல மாறிவிடும். புது ஸ்பாக்கெட்டை வெறும் கையால் ஷாஃப்டில் ஏற்றிப் பார்த்து, முன்னும் பின்னும் சுற்றி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிகார முள் போல வலமும் இடமும் ஆடினால் தேய்மானம். ஷாஃப்ட் நீளத்துக்கு உள்ளும் வெளியும் லேசாக அசைவது தேய்மானம் இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும், செயின் தன் நேர்கோட்டைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்த அசைவைப் போக்குகிறேன் என்று பின்னால் வாஷர் வைத்து அடைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது கூடாது.

போல்ட் போடும் ஓட்டையின் மரை ஸ்பாக்கெட்டிலேயே இருக்கிறது. புது ஸ்பாக்கெட் போட்டால் மரை புதிது. அதில் பழைய போல்ட்டை ஏன் போட வேண்டும்? போல்ட், ஓட்டை இரண்டையும் பெட்ரோல் விட்டுக் கழுவிக் காயவைத்து, மரையில் லாக்டைட் என்கிற நீலப் பசை ஒரு சொட்டு விட்டு முடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் அது பிடிக்காது. நீளமான போல்ட் கையில் கிடைத்தது என்று போட்டுவிடக் கூடாது. பின்பக்கம் நீட்டிக்கொண்டு கேஸை உரசும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும் என்பது கணக்கு. முறுக்கை அளக்கும் ஸ்பேனர் இல்லாதவர்கள், சின்ன ஸ்பேனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். நீளக் குழாய் மாட்டி முறுக்கிப் போல்ட் தலையை ஒடித்துவிடுகிறார்கள், அந்த ஒடிந்த போல்ட்தான் பிறகு "ஒண்ணு போதும்" என்று ஆகிறது.

எல்லா வண்டியும் இந்த மாதிரி இல்லை. சில பழைய வண்டிகளில் பெரிய நட் ஒன்று இருக்கும், அதன் அடியில் மடக்கும் வாஷர். நட்டை முடுக்கிய பிறகு வாஷரின் ஓரத்தை நட்டின் தட்டைப் பக்கத்தோடு ஒட்ட மடக்கிவிடுவார்கள். ஒரு தடவை மடக்கி நிமிர்த்திய இடத்தையே திரும்ப மடக்கினால் அந்தத் தகடு விரிசல் விட்டு ஒடிந்துவிடும். சில நட்டுகள் இடது மரை. அது தெரியாமல் வழக்கப்படி திருகினால் கழற்றுவதற்குப் பதில் இன்னும் முடுக்கி மரையைக் கெடுப்போம். பழைய புல்லட்டில் முன் ஸ்பாக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது, பிரைமரி பக்கம் முழுக்கப் பிரித்தால்தான் கை போகும். அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுப்பது நல்லது.

பளு ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மெக்கானிக் கடையில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்க, செயினை இறுக்கிவிடுகிறார்கள். ஸ்டாண்டில் பார்க்கும்போது சரியாகத்தான் இருக்கும். அதன் மேல் 60 லிட்டர் பாலும் நானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். முன் ஸ்பாக்கெட், பின் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீல், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் மிக முறுக்காக நிற்கும். அந்த நிலையில் தொங்கலே இல்லாமல் போனால், ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் ஷாஃப்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. பேரிங், சீல், லாக் பிளேட், அந்த இரண்டு போல்ட் எல்லாவற்றுக்கும் அந்த அடி விழுகிறது. எனக்கு வருடக்கணக்காக விழுந்திருக்கிறது. பெரியவர் சொன்னபடி இப்போது நான் கேனில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, நானும் உட்கார்ந்து, என் மகனை விட்டுச் செயினைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பளுவிலும் நடுவில் கொஞ்சமாவது மேலும் கீழும் போக வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது.

செயின் தேய்ந்ததா என்று கண்டுபிடிக்கத் தையல்காரர் டேப் போதும். ஸ்பிளெண்டருக்குப் போடும் 428 செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால் 254 மில்லிமீட்டர் வரவேண்டும். 259-ஐத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது செயின், முன் ஸ்பாக்கெட், பின் ஸ்பாக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். செயினை இணைக்கும் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இவை பெரும்பாலான மெக்கானிக்குகளுக்குத் தெரியும், நான் அதிகம் எழுதவில்லை.

என் குறை அந்தப் பிளேட்டிலும் போல்ட்டிலும்தான். நான் வாங்கிய செயின் செட் பெட்டியில் மூன்று உருப்படி இருந்தது. லாக் பிளேட் இல்லை, போல்ட் இல்லை. இரண்டும் சேர்த்தே ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. தனியாகக் கேட்டபோது கடைக்காரர், "அதெல்லாம் யாரும் மாத்த மாட்டாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். இவ்வளவு பணம் கொடுத்துச் செட் வாங்குகிறவனுக்கு இந்த ஐம்பது ரூபாய் பெரிதில்லை. செட் தயாரிக்கிறவர்கள் இவற்றையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கட்டும். அதுவரை உதிரிபாகக் கடைக்காரர்கள் கேட்காமலே பெட்டியோடு சேர்த்துக் கொடுத்து, காசை வாங்கிக்கொள்ளட்டும்.

மெக்கானிக் தம்பிகளிடமும் கையெடுத்துக் கேட்கிறேன். வண்டிக்காரர் கையில் காசில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவர் மேல் இரக்கப்பட்டுத்தான் நீங்கள் பழைய போல்ட்டைப் போடுகிறீர்கள், வெல்டு வைக்கிறீர்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ஷாஃப்ட் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் ஒரு புதுப் பிளேட்டைப் போட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய பிளேட்டை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். உண்மையிலேயே ஷாஃப்ட் போயிருந்தால், போனது என்று சொல்லுங்கள், அவர் கடன் வாங்கியாவது மாற்றிக்கொள்வார். தருமபுரி அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பழைய வண்டிகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். கடையில் புதிதாக வரும் வண்டியைப் பிரிக்கக் கம்பெனி ஆள் இருக்கிறார், எங்கள் வண்டியைப் பிரிக்க அந்தப் பிள்ளைகள்தான் வரவேண்டும். 1980-ல் மொபெட்டும் 1984-ல் இன்ட்-சுசுகியும் ஓசூரில் செய்து நாடெங்கும் அனுப்பிய மண் இது, அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் எங்கள் தருமபுரி மாவட்டம்தான். ராயக்கோட்டை வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் தூரம். இங்கே ஸ்பாக்கெட்டுக்கு வெல்டு வைக்கிறோம் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

விழுந்து எழுந்த பிறகு, எங்கள் பால் சொசைட்டி முன் நிற்கும் வண்டிகளில் சொந்தக்காரர்கள் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு வண்டியின் கவரைத் திறந்து பார்த்தோம். மூன்றில் ஒரு போல்ட்தான் இருந்தது. ஒன்றில் இரண்டும் இல்லை, பிளேட்டைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்த வண்டியில்தான் ஒரு தம்பி தன் கைக்குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஊசி போடவும் சந்தைக்கும் போய்வருகிறார். கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அன்றைக்கே மாற்றிக்கொண்டார்.

அதிலிருந்து சொசைட்டி அறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் 6 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். புதிதை எடுக்கிறவர் தன் பழைய போல்ட்டைப் பக்கத்துப் பாட்டிலில் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு. இந்தக் கடிதம் எழுதும் இன்று காலை எண்ணிப் பார்த்தேன். பழைய பாட்டிலில் பத்தொன்பது இருக்கிறது, அதில் எட்டுக்கு மரையே இல்லை.

இப்படிக்கு,
ஒரு பால்காரர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.